குடை விரித்தவர் இனி எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 63. பேத்தி மூன்று வருடமாகக் குதிரையேற்றம் பழகுகிறாள். அவளுடைய கிளப் நடத்தும் இரண்டு நாள் போட்டிக்கு உதவ ஆட்கள் வேண்டும் என்று கேட்டார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் நேரமில்லை, நான் பெயர் கொடுத்துவிட்டேன். இப்போது கலக்கமாக இருக்கிறது. நடுவருக்கு எழுதிக்கொடுப்பது, தடைக் கம்புகளை எடுத்து வைப்பது, கேட்டில் நின்று ஆட்களை அனுப்புவது, லாயத்தில் உதவுவது, இவற்றில் எது வேண்டும் என்கிறார்கள். குதிரைக்குப் பின்னால் போகக்கூடாது என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. போன தடவை வேடிக்கை பார்க்கப் போயிருந்தபோது தூறல் விழுந்தது, குடையை விரித்தேன். பக்கத்தில் போன குதிரை துள்ளி ஒதுங்கியதில் அதன் மேல் இருந்த பெண் விழப் பார்த்தாள். "கறுப்புக் குடையைக் குதிரை முன்னால் விரிப்பார்களா?" என்று ஒருவர் எல்லோர் எதிரிலும் சத்தம் போட்டார். முழங்கால் வேறு சரியில்லை. பேத்தியும் அதே போட்டியில் கலந்துகொள்கிறாள். நான் போகலாமா? போனால் எந்த வேலையை எடுத்துக்கொள்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

தாராளமாகப் போங்கள். எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் குடையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கலக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

தவறு குடையின் நிறத்தில் இல்லை. குதிரைக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத்தான் வராது. ஆனால் குடை விஷயத்தில் நிறத்துக்கு வேலையே கிடையாது. குதிரையின் கண்கள் தலையின் இரண்டு பக்கங்களிலும் இருப்பதால், நின்ற இடத்திலிருந்தே ஏறக்குறைய 350 பாகை வரை அதன் பார்வை போகும். முன்னால் போகும் குதிரை, பக்கவாட்டில் நாற்காலி இழுப்பவர், பின்னால் வரும் வண்டி எல்லாம் ஒரே நேரத்தில் அதன் கண்ணில் படுகின்றன. அந்த ஓரப் பார்வையில் ஒரு பொருள் 'டப்' என்ற சத்தத்தோடு ஒரே நொடியில் நாலு மடங்கு பெரிதானால், முதலில் ஓடு, அப்புறம் யோசி என்பதுதான் குதிரையின் கணக்கு. புல்வெளியில் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்த பிராணிக்கு அந்தக் கணக்கு சரிதான். வெள்ளைக் குடையாக இருந்தாலும் அது துள்ளியிருக்கும். உங்களைத் திட்டியவர் சொன்ன காரணம் தப்பு, திட்டிய விதமும் தப்பு. விரிக்கக்கூடாது என்றது மட்டும் சரி. இந்தத் தடவை மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். அதையும் களத்தின் ஓரத்தில் நின்று உதறி மாட்டிக்கொள்ளாமல், வண்டி நிற்கும் இடத்திலேயே போட்டுக்கொண்டு வாருங்கள்.

குதிரைக்குப் பின்னால் போகாதே என்று தெரியும் என்கிறீர்கள். அது பாதி. நேர் பின்னால் எப்படி அதற்குத் தெரியாதோ, அதேபோல நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சின்ன இடமும் தெரியாது. முகத்துக்கு நேரே கையை நீட்டித் தடவப் போகிறவர்களைப் பார்த்து அது தலையைத் தூக்குவது இதனால்தான். தோளுக்குப் பக்கவாட்டில், ஏதாவது பேசிக்கொண்டே வாருங்கள். என்ன பேசுகிறீர்கள் என்பது அதற்கு முக்கியமில்லை, நீங்கள் வருவது தெரிந்தால் போதும்.

நான் 18 வருடமாகப் போட்டிகளில் மைதானப் பொறுப்பு பார்க்கிறேன். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்த தன்னார்வலர்களால் எனக்குப் பெரிய தொல்லை வந்ததில்லை. தொல்லை எல்லாம் 'நான் கொஞ்சம் கூடுதலாக உதவுகிறேனே' என்று ஓடியவர்களால்தான். அதில் முதல் ஆள் நான்.

முதல் வருடம் என்னைக் கேட்டில் நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் முடித்து வெளியே வந்துகொண்டிருந்தார். நேரம் போகிறதே என்ற நல்லெண்ணத்தில் கேட்டை அகலத் திறந்து அடுத்தவரையும் "வாங்க, வாங்க" என்று அழைத்துவிட்டேன். இரண்டு குதிரைகளும் கேட் வாயில் மூக்கோடு மூக்கு. வெளியே வந்த குதிரையின் வாலில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது, அதை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அது சட்டென்று திரும்பிப் பின்னங்காலை வீசியது. கேட்டின் நடுப்பலகை இரண்டாகப் பிளந்தது. என் கை அந்தப் பலகையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. வாலில் சிவப்பு ரிப்பன் என்றால் உதைக்கும் குதிரை என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். பச்சை ரிப்பன் என்றால் புதுக் குதிரை, எதற்கு எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. ரிப்பன் இல்லாத குதிரை உதைக்காது என்று அர்த்தமில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது குதிரை சாஸ்திரம் இல்லை. சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு அசையாமல் இருப்பது, கண்ணில் பட்டதை உடனே உரியவரிடம் சொல்வது, இவ்வளவுதான். ஒரு கவுன்டரில் 34 வருடம் உட்கார்ந்தவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது எழுதும் வேலை. டிரெஸ்ஸாஜ் என்கிற பிரிவில், 20 மீட்டர் அகலமும் 40 அல்லது 60 மீட்டர் நீளமும் உள்ள களத்தில் ஒவ்வொருவராக வந்து, முன்கூட்டியே வகுத்த அசைவுகளைக் குதிரையைச் செய்ய வைப்பார்கள். ஓரங்களில் ஏ, கே, இ, எச், சி, எம், பி, எஃப் என்று எழுத்துப் பலகைகள் இருக்கும். அகர வரிசையில் ஏன் இல்லை என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதையும் நம்ப வேண்டியதில்லை. ரைடர் ஏ வழியாக உள்ளே வருவார். நடுவர் எதிர்முனையில் சி-க்குப் பின்னால் ஒரு சின்னக் கூடாரத்திலோ காருக்குள்ளோ உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்து நாற்காலி உங்களுடையது. அவர் கண்ணைக் குதிரையிலிருந்து எடுக்க முடியாது. அதனால் அவர் வாயால் சொல்வார், நீங்கள் எழுதுவீர்கள்.

ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், அரை மதிப்பெண்ணும் உண்டு. தாளில் அசைவு வாரியாகப் பெட்டிகள் இருக்கும்: ஒன்றில் எண், பக்கத்தில் குறிப்பு. ரைடர் உள்ளே வந்து நின்று வணக்கம் சொல்லி முடித்ததும் நடுவர், "ஆறரை, நின்றது நேராக இல்லை" என்பார். நீங்கள் 6.5 எழுதி, 'நின்றது நே...' என்று ஆரம்பிப்பதற்குள் "ஏழு" என்று அடுத்தது வந்துவிடும். முதல் இரண்டு ரைடர்களுக்கு உங்களுக்குத் தலை சுற்றும். மூன்றாவதிலிருந்து பழகிவிடும்.

எண்ணா குறிப்பா என்று நெருக்கடி வந்தால் எண்ணை எழுதுங்கள். குறிப்பில் பாதி போனாலும் ரைடர் ஊகித்துக்கொள்வார், எண் போனால் மொத்தமும் போச்சு. அதைவிட மோசமானது ஒரு பெட்டி தள்ளி எழுதுவது. ஒன்று நழுவினால் அதற்கப்புறம் வரும் அத்தனையும் நழுவும். வட்டத்துக்குக் கிடைத்த 8 நடைக்குப் போய், நடைக்குக் கிடைத்த 5 வேறெங்கோ போகும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே மதிப்பு என்றால் கூட்டுத்தொகை கூடச் சரியாக வந்துவிடலாம், யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். ஆனால் சில பெட்டிகளுக்கு மதிப்பு இரட்டிப்பு. அந்த இரட்டிப்புப் பெட்டிகளில்தான் பரிசே கைமாறும். அதனால் எழுதுவதற்கு முன் ஒரு விநாடி களத்தைப் பாருங்கள்: குதிரை எந்த எழுத்துப் பலகை அருகே இருக்கிறது, தாளில் இந்தப் பெட்டிக்கு எந்த எழுத்து போட்டிருக்கிறது. குழம்பிவிட்டால் கௌரவம் பார்க்காமல் அப்போதே, "எந்த எண்ணில் இருக்கிறோம்?" என்று மெதுவாகக் கேட்டுவிடுங்கள். நல்ல நடுவர்கள் அசைவின் எண்ணையும் சேர்த்தே சொல்வார்கள். ஆரம்பிக்கும் முன் அப்படிச் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

7 என்றால் 7.0 என்று எழுதுவது என் பழக்கம். பின்னால் யாரும் ஒரு .5 சேர்க்க இடமிருக்காது. செக்கில் தொகைக்குப் பிறகு கோடு போட்டே பழகிய உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். திருத்தம் வந்தால் மேலே மேலே எழுதாமல், அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதி நடுவரின் சுருக்கொப்பம் வாங்குங்கள். வட்டம் என்பதற்கு ஒரு சின்ன வட்டம், நேராக என்பதற்கு ஓர் அம்பு, இப்படி நடுவரோடு முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் கை வலிக்காது. ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம் என்று நேரம் ஒதுக்குவார்கள். ஒரு தாளில் 20 பெட்டிகள் என்றால் மணிக்கு 150 எண்களுக்கு மேல். இரண்டு பேனா போதாது, நாலு எடுத்துப் போங்கள்.

ரைடர் உள்ளே வருவதற்கு முன்பே அவருடைய எண்ணும் கையில் இருக்கும் தாளின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வரிசை மாறி வருவது சகஜம். முடிந்ததும் நடுவர் கடைசிப் பகுதியில் பொதுவான மதிப்பெண்களையும் போட்டுக் கையெழுத்திட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் தாளை எடுத்துப் போக வருபவரிடம் கொடுக்க வேண்டும்.

அப்புறம் வாய். நடுவர் 4 என்று சொன்னால் 4 எழுதுங்கள், "அடடா" வேண்டாம். அது ஏன் 4 என்று கேட்கவும் வேண்டாம். இடைவேளையில் அவரே பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், களத்தை இவ்வளவு கிட்ட உட்கார்ந்து ஒரு தேர்ந்த கண்ணோடு பார்க்கும் வாய்ப்பு காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் அங்கே கேட்டது அங்கேயே இருக்கட்டும். பேத்தியின் தோழிக்கு எவ்வளவு என்று வீட்டில்கூடச் சொல்லாதீர்கள்.

மதிப்பெண் கூட்டும் அறையில் ஆள் குறைந்தால் உங்களை அங்கே இழுப்பார்கள், அதற்கும் சரி என்று சொல்லலாம். இரட்டிப்புகளைச் சேர்த்து மொத்தம் 250-க்கு 162 வந்தால் 64.8 சதவீதம், அவ்வளவுதான் கணக்கு. இரண்டு பேர் தனித்தனியே கூட்டி ஒப்பிட வேண்டும், ஒருவர் கூட்டியதை இன்னொருவர் எட்டிப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. இதை நான் உங்களுக்குச் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்.

தடைக் கம்பு வேலை முழங்கால் வலிக்காரருக்கு வேண்டாம். ஆனால் இரண்டாம் நாள் மதியம் ஆள் பற்றாக்குறை வரும், யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள், அதனால் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தாண்டும் தடைகளில் கம்புகள் சுமார் 2 சென்டிமீட்டர் பள்ளமுள்ள ஒரு கப்பில் உட்கார்ந்திருக்கும். குதிரை தட்டினால் கம்பு உருண்டு விழுவதற்காகவே அப்படி. அகலமான தடையில் பின்பக்கக் கம்புக்குத் தனி வகைக் கப், பாரம் ஏறினால் அதுவே கழன்றுகொள்ளும். குதிரை அந்தக் கம்பின் மேல் இறங்கிவிட்டால் காலை வாராமல் இருக்க அந்த ஏற்பாடு. இரண்டையும் மாற்றி மாட்டிவிடக்கூடாது. கம்பை எடுத்த பிறகு வெறும் கப்பைத் தூணிலேயே விட்டுவிடவும் கூடாது, உரசிப் போகும் குதிரையையும் ரைடரின் முழங்காலையும் அது கிழித்துவிடும்.

கம்பு விழுந்தால் ஓடாதீர்கள். நாலு தவறுப் புள்ளி ரைடருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, உங்கள் அவசரம் அதைத் திருப்பித் தராது. குதிரை அடுத்த தடைக்குப் போய்விட்டதா, அதன் பாதை மறுபடி இந்தப் பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டு நடந்து போய் எடுத்து வையுங்கள். குதிரை தாண்ட மறுத்துத் தடையையும் கலைத்துவிட்டால் மட்டும் மணி அடிக்கும், கடிகாரம் நிற்கும், ரைடர் காத்திருப்பார். அப்போது சுறுசுறுப்பு வேண்டும். தடையைச் சரிசெய்து விலகி நின்றதும் கையைத் தூக்கிக் காட்டினால், நடுவர் மறுபடி மணி அடிப்பார். மற்ற நேரமெல்லாம் உங்கள் நாற்காலியில் அப்படியே. குதிரை உங்கள் தடையை நோக்கி வரும்போது போனை எடுக்காதீர்கள், காலை மாற்றிப் போடாதீர்கள், குடை என்ற சொல்லையே மறந்துவிடுங்கள்.

கேட் வேலை உங்களுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் வயது இல்லை. ஒரே ரைடர் மூன்று குதிரைகளில் வருவார், வரிசையை மாற்றச் சொல்வார். பயிற்சியாளர் ஒருவர் "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பார். பெற்றோர் ஒருவர் அழுவார். குரலை உயர்த்தாமல் எல்லோரையும் நகர்த்த வேண்டும். முதல் போட்டியிலேயே இது வேண்டாம்.

லாயத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் அதை விளக்கமாகவே சொல்கிறேன். எதையும் ஊட்டாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வயிற்றைப் பிடித்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். போதாததற்கு, மருந்துச் சோதனையும் உண்டு. காபியில் உள்ள காஃபீனும் சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினும் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் இருப்பவை. நீங்கள் பாதி குடித்து வைத்த காபிக் கோப்பையைக் குதிரை நக்கினால் அதன் உரிமையாளருக்குத் தலைவலி. காலிக் கொட்டில்தானே என்று அவசரத்துக்கு உள்ளே ஒதுங்குகிறவர்களும் உண்டு, மனிதச் சிறுநீரிலிருந்தும் மருந்து வைக்கோலுக்குப் போகும். சிரிக்காதீர்கள், இதை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்ணீர் பிடித்துத் தரச் சொன்னால் பிடித்துக் கொடுங்கள். குழாயின் முனை வாளித் தண்ணீரில் முங்கக்கூடாது, ஒரு குதிரையின் வாளி இன்னொன்றுக்குப் போகக்கூடாது, இந்தக் குதிரையின் மூக்கைத் தடவிய கையோடு அடுத்த கொட்டிலுக்கு நடக்கக்கூடாது. 2021-இல் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த ஒரு போட்டித் தொடரில் குதிரை ஹெர்பிஸ் வைரஸ் பரவி 18 குதிரைகள் இறந்தன, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சர்வதேசப் போட்டிகளையே கொஞ்ச காலம் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வைரஸ் மூச்சில் பரவுவது, ஆனால் வாளியிலும் கையிலும் ஏறியும் பயணம் செய்யும். உதவிக்கு வருபவர்கள்தான் ஒரு நாளில் அதிகக் கொட்டில்களைக் கடப்பவர்கள்.

எங்கே நின்றாலும் சரி, "குதிரை அவிழ்ந்துபோச்சு" என்று ஒரு குரல் கேட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் அது பந்தயம் என்று எடுத்துக்கொள்ளும், ஜெயிக்கவும் செய்யும். பக்கத்தில் கேட் இருந்தால் சாத்துங்கள், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பெரும்பாலும் அது தன் கொட்டிலுக்கோ மற்ற குதிரைகளிடமோதான் போகும், அங்கே பிடித்துக்கொள்வார்கள். காலில் கெட்டியான மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். 500 கிலோ எடை ஒரு குளம்பின் வழியாகக் கால்விரல் மேல் இறங்கினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம்.

கடைசியாகப் பேத்தி. அவள் கலந்துகொள்ளும் பிரிவுக்கு நீங்கள் எழுதக்கூடாது. நீங்கள் நேர்மையானவர்தான், நடுவர் சொன்னதைத்தான் எழுதுவீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் ஜெயித்தால் பேச ஒருவர் வருவார், அந்தப் பேச்சு அவள் காதில் விழும். இப்போதே போட்டிச் செயலாளருக்குத் தெரிவித்து, அந்தப் பிரிவு முழுவதும் உங்களுக்கு ஓய்வு கேட்டு வாங்குங்கள். இன்னொரு காரணமும் உண்டு. அவள் விழுந்தால் உங்களால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, எந்தத் தாத்தாவாலும் முடியாது. அப்போதும் களத்துக்குள் ஓடக்கூடாது, அங்கே முதலுதவிக்காரர்கள் இருப்பார்கள், கட்டவிழ்ந்த ஒரு குதிரையும் இருக்கும். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தால் குறைந்தபட்சம் எழுந்து நிற்கலாம்.

அதுவரை வீட்டில் ஒரு வேலை. அவளிடம் ஒரு வெற்று மதிப்பெண் தாள் வாங்கிக்கொள்ளுங்கள், அவள் தன் பழைய தாளை வைத்துக்கொண்டு எண்ணும் குறிப்புமாக வாசிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். முதலில் மெதுவாக வாசிப்பாள், அப்புறம் வேண்டுமென்றே வேகமாக வாசிப்பாள். எப்படியும் ஒரு பெட்டி தள்ளி எழுதுவீர்கள், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். போட்டிக்கு முன் பத்து தாளாவது எழுதிவிடுங்கள்.